மரத்துக்கு மூச்சு முட்டும்

வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரை தைத்துக் கொடுப்பது என் வேலை. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறவளை யாரும் கவனிப்பதில்லை. அதனால் நான் எல்லாரையும் கவனிக்கிறேன். பல வருடங்களாக அப்படிப் பார்த்து வைத்த ஒரு சின்னப் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குள் நுழையும்போது சிலர் மணி அடிப்பார்கள். சிலர் "வீட்ல யாருங்க" என்பார்கள். ஒரே ஓர் இனம் மட்டும், கதவு விரியத் திறந்திருந்தாலும், வீட்டுக்காரரே எதிரில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாலும், அந்தக் கையை விட்டுவிட்டு நிலைச் சட்டத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டும், தலையைச் சாய்த்துக் கேட்கும், கண்ணை மூடும், பிறகு ஒரு சொல் சொல்லும்.

"தேக்கு."

வாசகரே, இவர்தான் தேக்கு மனிதர்.

எது மரமாக இருந்தாலும் அவருக்குத் தேக்குதான். ஒருவர் தகரக் கதவைத் தட்டிவிட்டு, "உள்ள தேக்கு இருக்கும், மேல தகரம் போர்த்தியிருக்காங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். மனைவி இருமினால் திரும்பிப் பார்க்கமாட்டார். கதவு கிறீச்சிட்டால் எண்ணெயோடு ஓடுவார். பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போவதாக இவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களா? போச்சு. "எதை வேணா செய்யுங்க, மரத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிடாதீங்க. மரத்துக்கு மூச்சு முட்டும்." ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் இன்னும் மோசம். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல், தாழ்ந்த குரலில் கேட்பார்: "எப்ப நடந்துச்சு? தடுக்கறதுக்குக் கூட யாருமே இல்லையா?"

இந்த இனத்தை இவ்வளவு நெருக்கமாக எனக்குத் தெரிந்திருக்கக் காரணம், இதில் ஒருவருக்குத்தான் எங்கள் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அக்கா வீட்டுக் கூடத்தில் தரையிலிருந்து கூரைவரை பழுப்புப் பலகை. கதவு பழுப்பு, அலமாரி பழுப்பு, மேலே சட்டங்கள் பழுப்பு. இருக்கிற ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு விருந்தாளியின் மடியில் இன்னொரு விருந்தாளி உட்கார்ந்த கதையெல்லாம் அங்கே உண்டு. சட்டைப் பொத்தான் தைக்க வேண்டுமென்றால், ஊசியில் நூல் கோர்க்க அக்கா தெருவுக்கு வரவேண்டும்; கோர்த்துக்கொண்டு உள்ளே போனதும் சட்டையைத் தேடவேண்டும். நான் ஊருக்கெல்லாம் திரை தைக்கிறேன். அக்கா மட்டும் கேட்டதில்லை. "எதை மறைக்கறதுக்குடி எனக்குத் திரை?" என்பாள்.

போன மழையில் கூரை ஒழுகி, வீட்டைப் புதுப்பித்தே ஆகவேண்டும் என்று ஆனபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கூடத்துக்கு வெள்ளை அடிச்சிடுங்க. இல்லேன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். அவளுக்கு இருக்கிறது ஒரு ரூம்தான். ஆனா அந்த ஒரு ரூம் கண்ணுக்குத் தெரியுது."

அவள் பெட்டியையும் எடுத்து வாசலருகில் வைத்துவிட்டாள். மாமா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

தேக்கு என்ற பெயர் இவர்களுக்குச் சும்மா வரவில்லை. இவர்கள் கைக்குப் போன எந்த முடிவும் அங்கேயே தேங்கி நிற்கும். மாமா அலமாரிக்கு உள்பக்கம் கையகலத்துக்கு வெள்ளையடித்துப் பார்த்தார். பிறகு, மயங்கி விழுந்தவர் மூக்கருகே பிடிப்பது போல, முகம் பார்க்கும் கண்ணாடியை அந்தப் பலகையருகே பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார்.

"பாரு, கண்ணாடி மங்குது. மரம் மூச்சுக்குத் திணறுது."

"அது உங்க மூச்சுங்க," என்றாள் அக்கா.

பெயிண்டர் டப்பாக்களை அடுக்கிவிட்டு ஏணியின் மூன்றாவது படியில் குடியேறியிருந்தார். "சார், அடிக்கவா வேண்டாமா? வந்ததிலேருந்து நான் டீதான் குடிச்சிட்டிருக்கேன்."

மாமா அவரைப் பலகையருகே கூப்பிட்டார். "இங்க வாங்க. இந்த ரேகையைப் பாருங்க. எவ்வளவு நீளம். அமோகமா வாழ்ந்த மரம். இங்க நெருக்கமா இருக்கு பாருங்க, அந்த வருஷம் மழை இல்ல. இங்க ஒரு கண்டம், இடி விழப் பார்த்துத் தப்பிச்சிருக்கு."

பெயிண்டர் தன் உள்ளங்கையை நீட்டினார். "அப்படியே இதையும் பாருங்க சார். இந்த வீட்டு வேலை முடியற யோகம் இருக்கான்னு."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "தூசி படிஞ்சிருக்கு, அதான் உங்களுக்குத் தெரியல. காட்டறேன்," என்று சொல்லி, பெயிண்டருடைய தின்னரில் துணியை நனைத்து, பலகையை அழுத்தித் துடைத்தார். துணி பழுப்பானது. "எவ்வளவு அழுக்கு பாருங்க" என்று இன்னும் அழுத்தித் துடைத்தார். துணி மேலும் பழுப்பானது. அப்புறம்தான் கவனித்தோம். மழையில்லாத வருடம், இடிக்குத் தப்பிய கண்டம், அமோகமான ஆயுள், எல்லாம் துணிக்கு வந்துவிட்டன. பலகையில் ரேகை இல்லை.

எந்தக் காலத்திலோ யாரோ பழுப்பு பெயிண்ட் அடித்து, அதன்மேல் தூரிகையால் ரேகை வரைந்திருக்கிறார்கள். அடியில் இருந்தது சாமான் வரும் பெட்டிகளைப் பிரித்து அடித்த வெளிறிய பலகை. அதில் நீல மையில், தலைகீழாக, "இந்தப் பக்கம் மேலே" என்று அச்சிட்டிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து மாமா காவல் காத்தது பெயிண்டை, அதுவும் பெயிண்டிடமிருந்து.

அக்கா சிரிக்கவில்லை. "அப்ப இத்தனை வருஷமா மூச்சு முட்டினது யாருக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இத்தோடு அவர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? தேக்கு மனிதரை உங்களுக்குத் தெரியவில்லை. மாமா பலகையைத் தட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார், கண்ணை மூடினார். "பெயிண்ட்தான். ஆனா என்ன பெயிண்ட். இந்தக் காலத்துல யாரு இப்படி வரையறாங்க? இதுமேல வெள்ளை அடிச்சா பெயிண்டுக்கு மூச்சு முட்டும்." சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

அக்கா பெட்டி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஏணியருகே போய்ப் பெயிண்டர் கையிலிருந்த பிரஷை வாங்கினாள். மூலையில் ஆரம்பித்தாள். மாமா நகரவில்லை, அவளும் நிறுத்தவில்லை. அவருடைய காது, தோள், விரல்களின் இடுக்கு என்று சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டே போனாள். "சார், மூக்கைக் கொஞ்சம் திருப்பிக்குங்க" என்று பெயிண்டர் ஏணியிலிருந்து உதவி செய்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் வாசகரே, இதைப் படித்துக்கொண்டே உங்கள் நாற்காலிக் கையை விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பார்த்தீர்களே, அது எதற்கு? திரைக்கு அளவெடுக்க நான் உங்கள் வீட்டுக்கும் வருவேன். ஓரமாகத்தான் நிற்பேன்.

இன்றைக்கு அக்கா வீட்டுக் கூடம் வெள்ளை. நடுவில் கைகளை விரித்தபடி ஓர் ஆள் அளவுக்குப் பழுப்பு இருக்கிறது. யாராவது வந்தால் மாமா அதைத் தட்டிக் காட்டுகிறார். அக்கா கூடத்திலேயே உட்கார்ந்து நூல் கோர்க்கிறாள்.