பொருள் எண் 47-இன் உயிர் குறித்து

உயிர் எது, சடம் எது என்று ஞானிகள் பல்லாயிரம் ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எங்கள் அலுவலகம் அதை நாற்பதே நாளில் தீர்த்துவைத்தது. மூன்று பேர் கொண்ட குழுதான். அதிலும் ஒருவர் விடுப்பில் இருந்தார். தலைமை எழுத்தர் என்ற முறையில் அந்தச் சாதனையில் எனக்கும் பங்குண்டு என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. "வளாகத்தில் உயிருள்ளவற்றுக்கு மட்டுமே தண்ணீர்" என்று மேலிடத்து உத்தரவு. குழாய்க்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். உயிர்களைப் பட்டியலிட எங்களிடம் அருமையான முறை ஒன்று இருந்தது. சரக்குப் பதிவேட்டில் எண் உள்ளதெல்லாம் பொருள். எண் இல்லாததெல்லாம் உயிர். மேலாளர் அறையில் இருந்த பிளாஸ்டிக் செடி அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது, எண் கிடையாது. ஆகவே அது உயிர். தினமும் அடித்தட்டு நிறையத் தண்ணீர். வாசலில் நின்ற இளமரத்திலோ, போன வருடம் நாற்காலிகளுக்கு எண் போட வந்த பெயின்டர், மிச்சப் பெயின்டை வீணாக்க மனமில்லாமல் 47 என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆகவே அது பொருள்.

அதை நட்ட தோட்டக்காரம்மா என் மேசை முன்னால் வந்து நின்றார். மேலாளர் அறையைக் கூட்டுவதும் அவர்தான்.

"கண்ணு முன்னாலயே காயுது சார். நாலு இலைதான் பாக்கி. ஒரு வாளி தண்ணி விடுங்க."

"அதுக்கு உயிர் இருக்குன்னு யாரும்மா சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"எழுத்துல இருக்கா?"

மனு வந்தது. குழு கூடியது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் ஒன்றை வரவழைத்தோம். உயிரினத்துக்கு ஏழு பண்புகள் என்று அதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அச்சிட்டிருந்தது.

முதலாவது, அசைவு. மேலாளர் பத்து மணி முதல் ஐந்து மணி வரை நாற்காலியை விட்டு எழாமல் மரத்தையே கவனித்தார். இருவரில் யாரும் அசையவில்லை. காலையிலும் மாலையிலும் நாடா பிடித்து அளந்தோம், வளர்ச்சி இல்லை. சுவாசத்துக்காகக் கிளையருகே கண்ணாடி பிடித்தோம், ஆவி படியவில்லை. சாப்பிடுகிறதா என்று பார்த்தால் கேன்டீன் பதிவேட்டில் அதன் பெயரே காணோம். இனப்பெருக்கத்தைப் பற்றி நேரில் கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டோம். தூண்டினால் துடிக்க வேண்டுமாம். நான் குண்டூசியால் குத்தினேன். "ஆ" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவு அழுத்தம். கழிவகற்றலில் மட்டும் தேறியது. இலை உதிர்வதைப் பற்றி ஏற்கெனவே மூன்று புகார்கள் இருந்தன.

"ஏழுக்கு ஒண்ணு," என்றார் மேலாளர் வருத்தத்தோடு.

தோட்டக்காரம்மா விடவில்லை. "என் தங்கச்சி ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்கிறா. மைக்ராஸ்கோப்போட வரச் சொல்றேன். ஒரே ஒரு இலை குடுங்க, போதும்."

ஒரே ஒரு இலையா? எங்கள் அலுவலகத்தில் எதையும் மூன்று பிரதிகளில்தான் வாங்குவோம். சோதனைக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, மேலிடத்துக்கு ஒன்று. மரத்தில் ஓர் இலை மிஞ்சியது. தோட்டக்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது.

தங்கை வந்து, இலையின் தோலை உரித்து, சாயம் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். மேலாளர் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"அறை அறையா இருக்கே!"

"ஒவ்வொரு அறையும் ஒரு செல் சார். சுத்தி இருக்கறது செல் சுவர். நடுவுல புள்ளி மாதிரி தெரியுதே, அது உட்கரு. அதுதான் எல்லா வேலையையும் நடத்துது."

"அடடே! தனித்தனி அறை, சுவர், நடுவுல ஒருத்தர். நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே!"

"இங்க எல்லாரும் வேலை பாக்கறாங்க சார். அந்தப் பச்சை மணிங்களைப் பாருங்க, வெயிலை வெச்சே சாப்பாடு செஞ்சுக்கும்."

மேலாளர் கண்ணை எடுத்தார். "வளாகத்துக்குள்ள சமையலா? யாரு அனுமதி குடுத்தது?"

அந்தக் குற்றத்தைத் தனிக் கோப்பாகத் தொடங்கினேன். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான உயிர் ஒன்று வேண்டும் என்று குழு கருதியது. வருகைப் பதிவேட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் தவறாமல் கையெழுத்திட்டவன் நான் ஒருவனே. தங்கை என் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் வழித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். செல் இருந்தது, உட்கரு இருந்தது. சுவர் இல்லை, பச்சை மணிகளும் இல்லை.

"மனுஷ செல் அப்படித்தான் சார் இருக்கும். ரெண்டும் உயிர்தான்," என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே முடிவு எழுதப்பட்டது: மாதிரி, தலைமை எழுத்தரோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே உயிரற்றது. பிளாஸ்டிக் செடியைப் பற்றி ஒரு பாராட்டுக் குறிப்பும் சேர்த்தோம். வைத்த தண்ணீரைத் தினமும் மாலைக்குள் தட்டில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிடுகிறதே!

நாற்பதாம் நாள் உத்தரவை மரத்தில் குத்திவைக்கப் போனேன். குத்த இடமில்லை. கிளையெல்லாம் துளிர்.

"ஏதும்மா தண்ணி?"

"மேலாளர் ரூம் செடி குடிச்சதா எழுதினீங்களே, அதே தண்ணிதான். பெருக்கப் போறப்ப தட்டோட தூக்கிட்டு வந்து இதுக்கு ஊத்தினேன்."

"உயிருள்ளதுக்கு ஒதுக்கின தண்ணிய ஒரு பொருளுக்கு ஊத்தலாமா? விளக்கம் எழுதிக் குடுக்கணும், தெரியுமா?"

அவர் என் கையிலிருந்த குண்டூசியை வாங்கி, நிதானமாக என் முழங்கைக்கு மேலே ஒரு குத்துக் குத்தினார்.

"ஆ!" என்று அலறினேன்.

"ஊசிக்குத் துடிக்கிறீங்க, சரி. நாப்பது நாளா தண்ணி தண்ணின்னு உங்க முன்னால வந்து நின்னேனே. சாவி உங்க இடுப்புலதான் இருந்துச்சு. ஒரு நாளாவது துடிச்சீங்களா சார்?"

குழுவின் அளவுகோல் மீதே சந்தேகம் எழுந்துவிட்டதால், விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். பெயின்டருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதிவேட்டில் 48 காலியாகத்தான் இருக்கிறது. என் முதுகில் எழுதினால் போதும்.