தொண்டை கட்டிய சனிக்கிழமை

இனி இந்த வீட்டில் பொய்யே சொல்வதில்லை என்று தீர்மானம் செய்திருக்கிறேன். தீர்மானத்துக்கு வயது இரண்டு நாள். அதற்கு முன் பத்து வாரம் கட்டிக் காத்த ஒரே ஒரு பொய்யின் கதை இது.

நான் ராஜகோபாலன். தரமணியில் ஒரு கம்பெனியில் மிஷின்களுக்கு உபயோகக் கையேடு எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக எழுதியதை ஒரு ஜீவன் படித்ததில்லை. மிஷின் நின்றுபோனால் தட்டித்தான் பார்க்கிறார்கள். நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஒரு சினிமாவாவது எழுதிவிட வேண்டும் என்று மேற்கு மாம்பலத்தில் ஒரு தையல் கடை மாடியில் நடக்கும் காமெடித் திரைக்கதை வகுப்பில் சேர்ந்தேன். வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம்.

மனைவி ஜானுவிடம் சொல்ல முடியாது. புல்லாங்குழல், மாடித் தோட்டம், இத்தாலிய பாஷை என்று நான் ஆரம்பித்துப் பாதியில் விட்டவை எல்லாம் அவளுக்கு வரிசையாக மனப்பாடம். அதனால் ஸ்லோக வகுப்பு என்று சொல்லிவிட்டேன். மந்தைவெளியில் எந்த மனைவியும் ஸ்லோகத்துக்குக் குறுக்கே நிற்க மாட்டாள்.

வகுப்பு எடுப்பவர் பீர் முஹம்மது. பதினாலு காமெடிப் படங்களில் உதவி இயக்குநராக இருந்தவர். முதல் நாளே சொன்னார்:

"ஹீரோ ஒரு பொய் சொல்லணும் சார். சின்னப் பொய். அதைக் காப்பாத்த இன்னொண்ணு. ஜனங்க ஏன் சிரிக்கிறாங்க? மாட்டிக்கப் போறான்னு அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்குச் சொன்னதாகத் தோன்றவில்லை.

நடுவில் ஜானு ஞாயிற்றுக்கிழமை தோறும் அடையாறில் இருக்கும் தங்கை ஸஹானா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். எனக்கு இன்னும் சௌகரியமாகப் போயிற்று. அவள் படி இறங்கியதும் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிடுவேன்.

எட்டாவது வாரம், காபி டம்ளரை வைத்தபடியே ஒரு குண்டையும் போட்டாள்.

"ஏன்னா, புரட்டாசி மூணாம் சனிக்கிழமை நம்மாத்துல மாவிளக்கு. எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்."

"பேஷா."

"பாராயணம் நீங்கதான் பண்றேள்."

"நானா?"

"எட்டு வாரமா கத்துக்கறேளே. முக்கால் மணி நேரம் கடகடன்னு சொல்ல வேண்டாமா? கிரீஷ் அண்ணாகிட்டயும் சொல்லிட்டேன்."

கிரீஷ் என் மைத்துனர். என் புல்லாங்குழலைப் பற்றி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பேசிச் சிரிக்க வைப்பவர். அவர் முன்னால் வாயைத் திறந்து காற்று மட்டும் வந்தால், இந்த ஜென்மத்துக்கு அவருக்கு அது போதும். அந்த ஸ்லோகத்தில் எனக்குத் தெரிந்தது முதல் இரண்டு வரி. அதில் இரண்டாவது சந்தேகம்.

அன்று வகுப்பு முடிந்ததும் பீர் முஹம்மதைப் பிடித்தேன்.

"சார், என் கதையில ஒரு சிக்கல். ஸ்லோகம் கத்துக்கறேன்னு ஹீரோ பெண்டாட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கான். இப்போ எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்றா."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் சிரித்தார். என் கதைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது.

"இதுக்கு இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க? சிம்பிளா ஒரு சீன் கீது. அன்னிக்கிக் காலையில அவனுக்குத் தொண்டை கட்டிக்கிது. பேச்சே வரல. முடிஞ்சிச்சு."

"நீங்க யோசிச்சதா சார்?"

"இல்ல, சண்டே பேட்ச்ல ஒருத்தங்க எழுதினது. எடுத்துக்கங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வெள்ளிக்கிழமையே நாலு தடவை இருமி வைத்தேன். சனிக்கிழமை காலை கழுத்தில் மஃப்ளரோடு எழுந்து, தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

"அடடா, கண் பட்டிருக்கும்" என்று ஜானு மிளகுக் கஷாயம் கொடுத்தாள். ஒரு டம்ளர் இல்லை, மூன்று. கண்ணில் ஜலம் வழியக் குடித்தேன்.

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். கிரீஷ் எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, படம் பிடிக்க போனைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா மாப்ளே?"

"அவருக்குத் தொண்டை கட்டிடுத்து அண்ணா" என்றாள் ஜானு. "தினம் அவர் சொல்றதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாடமாயிடுத்து. நான் சொல்றேன்."

சொன்னாள். முக்கால் மணி நேரம், ஒரு இடத்திலும் தடுக்காமல். வீட்டில் நான் ஒரு நாளும் ஒரு வரிகூடச் சொன்னதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு வருகிறதா என்று கவனிப்பவன் போலத் தலையை ஆட்டினேன். முடிந்ததும் கிரீஷ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்துக்காரிக்கே கத்துக் குடுத்துட்டேளே மாப்ளே. அசந்துட்டேன்."

கல்யாணமான நாளாக அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. உடம்பே லேசாகிவிட்டது.

சாப்பாடு முடிந்து கடைசி மாமியும் கிளம்பிப் போனாள். நாற்காலியில் சாய்ந்தேன். உள்ளேயிருந்து ஜானு கேட்டாள்:

"காபி வேணுமா?"

"ஸ்ட்ராங்கா. சர்க்கரை கம்மி" என்றேன், கணீரென்று.

அவள் வெளியே வந்தாள். கையில் காபி இல்லை. ஒரு நோட்டு இருந்தது. பிரித்து வாசித்தாள்.

"காட்சி பதினொன்று. காபி என்றதும் கணவனுக்குத் தொண்டை ஞாபகம் போய்விடுகிறது."

"என்னது இது?"

"சண்டே பேட்ச்."

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணாவது வாரமே. ஸ்லோகம் கத்துண்டு வர்றவா யாராவது தனக்குத்தானே சிரிச்சுண்டு மாடிப்படி ஏறுவாளோ? அடுத்த சனிக்கிழமை பின்னாடியே வந்து, வாசல்ல நின்னு கேட்டேன். நன்னா இருந்தது. சேர்ந்துட்டேன்."

"ஸஹானா ஆத்துக்குப் போறேன்னியே?"

"ஹீரோயினும் ஒரு சின்னப் பொய் சொல்ல வேண்டாமா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து வாரமாகச் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனிமேல் ஒளிந்து எழுத வேண்டாம். கண் கலங்கியது. மிளகும் ஒரு காரணம்.

"கிரீஷ் முன்னாடி என்னை மாட்டி விட்டிருக்கலாமே ஜானு."

"என் ஹீரோவை நான்தான் மாட்டி விடுவேன். அண்ணா யாரு?"

அந்தப் பதிலுக்காகவே இன்னும் மூன்று டம்ளர் கஷாயம் குடிக்கலாம் என்று தோன்றியது.

"சரி, க்ளைமாக்ஸ் என்ன?"

பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். இருபத்திரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்கள். கணவன் வேட்டியை மடித்துக் கட்டுகிறான்.

கட்டினேன். பொங்கல் வைத்த உருளி அடிபிடித்துக் கரியாகக் கிடந்தது.

"இது கதையில இல்லையே" என்றேன்.

"டைரக்டர் சேர்த்தது" என்றாள்.