புத்தகத்திலிருந்து மீட்பவர்

கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தில் விழுந்த மனிதரை மீட்கும் இனம் ஒன்று உண்டு, தெரியுமா? யாராவது புத்தகமும் கையுமாகக் குனிந்திருந்தால் போதும், 'ஐயோ பாவம், பேச்சுத் துணைக்கு ஆளில்லை போலிருக்கிறது' என்று இவர்கள் மனம் பதறிவிடும்.

திருவள்ளூரிலிருந்து அம்பத்தூருக்கு தினமும் ஏழு பத்து ரயிலில் வேலைக்குப் போகும் சூப்பர்வைசர் அரசப்பன் அந்த இனம். போனில் பேசுபவரைத் தொந்தரவு செய்யமாட்டார். சீட்டாடுபவர்கள் ஆட்டத்தை முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். தூங்குபவரின் காலில் இடிக்காமல் ஒதுங்கிப் போவார். மரியாதை தெரிந்த மனிதர்தான்.

அன்று எதிரில் இளமதி. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆலையில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. அவளுக்குப் படிக்கக் கிடைப்பது இந்த ரயில் நேரம் மட்டும்தான். கையிலிருந்த துப்பறியும் நாவல் தோழி திலகவதியுடையது. அவள் நாளை ஓசூருக்கு மாற்றலாகிப் போவதால் இன்றே திருப்பித் தந்தாக வேண்டும். மீதி ஒன்பது பக்கம். கொலைகாரன் யாரென்று இன்னும் தெரியவில்லை.

"இன்னாமா, சும்மாதானே கீற?" என்றார் அரசப்பன்.

"படிச்சிக்கினு இருக்கேண்ணே. இன்னும் ஒம்போது பக்கம்தான்."

"அதான் கேட்டேன், சும்மாதானே கீற?"

தன் மைத்துனன் வீடு கட்டிய கதையை அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்தார். இளமதி ஒரே வரியை ஆறு முறை படித்தாள். வேப்பம்பட்டு தாண்டியதும் கதை நின்றது, கை நீண்டது.

"அத்த கொஞ்சம் குடும்மா. அன்புராஜு திருநின்றவூர்ல ஏறுவான், எடம் போடணும்."

பக்கத்து இருக்கையில் புத்தகம் போய் உட்கார்ந்தது. அவர் சட்டைப்பையில் கைக்குட்டை இல்லையா? இருந்தது. ஆனால் அது அழுக்காகிவிடுமே!

திருநின்றவூரில் ஏறிய அன்புராஜ், பார்க்காமல் புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்தார். "ஐயோ, புக்கு!" என்று இளமதி கத்திய பிறகுதான் எழுந்தார். அட்டை மடங்கி, முதுகு பிளந்திருந்தது. திலகவதியிடம் என்ன சொல்வது?

அரசப்பனுக்கே மனசு கேட்கவில்லை. பரிகாரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"தோ பாரு, டாக்டரோட மச்சான்தான் கொன்னுகீறான்! ஒம்போது பக்கம் மிச்சம் புட்ச்சிக் குட்த்துட்டேன், போ!"

இளமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு நாளா இதுக்குத்தாண்ணே காத்துக்கினு இருந்தேன்" என்றவள், புத்தகத்தை வாங்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பெண்கள் பெட்டிக்கு ஓடினாள்.

"பாத்தியா அன்புராஜு? புஸ்தகம் படிச்சாலே இப்டித்தான். மனுசங்களோட பழகத் தெரியாது" என்றார் அரசப்பன், உண்மையான கவலையோடு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் ஒருவர் தன் பாட்டுக்கு ஏதோ படித்துக்கொண்டிருக்கிறாரே, அவர் தோளைத் தட்டி, "இங்க பாரேன், இதக் கேளேன்" என்று இதைப் படித்துக் காட்டத்தானே இப்போது கையை நீட்டினீர்கள், அரசப்பன் அவர்களே?