கிரேன்காரர் போட்டுக்கொண்ட ஊசி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது முறையாகத் தும்மினார். மூன்றுமே பொய்த் தும்மல்.

“சளி பிடிச்சிருக்கும்மா. இப்பப் போய் ஊசி போட்டா ஏடாகூடமாயிடும்” என்றார் தொலைபேசியில்.

மகள் மசியவில்லை. “லேசான சளி இருந்தாலும் போடலாம்னு குழந்தையோட டாக்டர் சொல்லிட்டாங்கப்பா. அடுத்த மாசம் பாப்பாவைத் தூக்கிட்டு வர்றேன். அதுக்குள்ள ஃப்ளூ ஊசி போட்டாகணும். இல்லேன்னா பாப்பாவைத் தூரத்துல இருந்துதான் பாக்கலாம்.”

“அம்மாவுக்கு?”

“அவங்க நர்ஸ். அவங்களுக்குப் போய் நான் சொல்லணுமா? பிரச்சினையே நீங்கதான்.”

பக்கத்தில் நின்ற மனைவி தொலைபேசியை வாங்கினாள். “நீ கவலைப்படாதே. அப்பாவை நான் பாத்துக்கறேன்.”

பன்னிரண்டு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிற மனிதர் அவர். ஊசி என்றால் மட்டும் தொடை நடுங்கும்.

மறுநாள் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெற்று ஊசிக் குழாயைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தினமும் பாத்துப் பழகுங்க. பயம் போயிடும்.”

“இவ்வளவு பெருசாவா இருக்கும்?”

“இதைவிடச் சின்னதுதான். கொஞ்சம்.”

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து, மற்றவர்கள் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் தைரியம் வரும் என்று ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனாள். உட்காரவைத்தது குழந்தைகளுக்கு ஊசி போடும் அறைக்கு எதிரில். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டதும் இவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

“பரவாயில்லைங்க, இன்னொரு நாள் வருவோம்” என்றாள் அவள், முதுகைத் தடவிக்கொண்டே.

வீட்டில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். “நல்லா இழுத்து விடுங்க. கண்ணை மட்டும் திறக்காதீங்க. போன வாரம் ஒருத்தர் திறந்து பாத்து மயங்கி விழுந்தார். முன்பல் ரெண்டும் போச்சு.”

இழுத்த மூச்சை விட மறந்துபோனார் அவர். இருந்தாலும், தனக்காக இவள் எவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று மனசு இளகியது.

அந்த நேரம் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. பாப்பா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில், எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்போடு, யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போடும் இடத்தில் ஓர் இளம் நர்ஸ் இருந்தாள். சட்டைக் கையைச் சுருட்டினார், முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“எப்பம்மா போடுவீங்க?”

“போட்டாச்சு சார்.”

கண்ணைத் திறந்தார். முன்பல் இரண்டும் இருந்தன. கையில் துளியூண்டு பஞ்சு. எழுந்து நின்றபோது தலை கூரையில் இடிக்கும் போலிருந்தது. வரிசையில் காத்திருந்தவர்களிடமெல்லாம், “சும்மா போங்க, ஒண்ணுமே தெரியாது” என்று தைரியம் சொன்னார். அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமியிடம் கையைக் காட்டினார். அவள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

அந்த வழியாக மனைவி வந்தாள்.

“பாத்தியா? தனியா வந்து போட்டுக்கிட்டேன்” என்று பஞ்சைக் காட்டினார்.

அவள் முகம் வெளுத்தது. பூரிப்பில் பேச்சே வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

இளம் நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க அக்கா. ‘முதல்ல என் வீட்டுக்காரர் போட்டுக்கட்டும், அப்புறம் நான் போட்டுக்கறேன்’னு மூணு வருஷமா எங்களுக்கு டிமிக்கி கொடுத்துட்டிருந்தீங்களே.”