மாவடுவுக்காக ஒரு ஸ்டிக்கர்

என் சாப்பாட்டை என் சிறுநீர் தீர்மானிக்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். மனிதனுக்குச் சுயமரியாதை வேண்டாமா?

விஷயம் இதுதான். எனக்கு பி.பி. ஏறிவிட்டது. அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தது. அவர் விட்டுப்போன ஒரே சொத்து. தொப்பை மட்டும் சுயசம்பாத்தியம். லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீஸ் கூப்பிடு தூரம். அதற்கும் பஸ்ஸில்தான் போவேன். டிஸ்பென்சரி டாக்டர் மேதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அங்கிள், டெய்லி ஊறுகாய் உண்டா?" என்றாள். மேதா டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். தமிழ் பாதிதான் வரும். அந்தப் பாதியில் ஊறுகாய் இருந்தது என் போதாத காலம்.

"இல்லையே," என்றேன்.

"மாவடு ஊறுகாய்ல சேராதுன்னு நெனைச்சிண்டிருக்கார்," என்றாள் என் மனைவி அனந்தலக்ஷ்மி.

"அச்சா! அப்போ யூரின் டெஸ்ட் பண்ணிடலாம். பி.பி. சைலண்ட்டா கிட்னியத் தொடும் அங்கிள். வலியே இருக்காது. ப்ரோட்டீன் லீக் ஆறதான்னு பாத்தாதான் தெரியும். ஆன்ட்டி, நீங்களும் குடுத்துடுங்கோ."

வெளியே வந்ததும் அனந்தம் தீர்ப்பைச் சொன்னாள்.

"லீக்னு வந்தா அன்னிக்கே மாவடு ஜாடி வீட்டை விட்டுப் போயாகணும்."

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடைக்காரனோடு சண்டை போட்டு, ஒவ்வொன்றாக நானே பொறுக்கிய மாவடு அது. அந்த ஜாடி இல்லாத தயிர்சாதத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை காலை பாத்ரூம் ஜன்னலில் இரண்டு பாட்டில்கள் நிரம்பித் தயாராக இருந்தன. ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் அவள் பெயர், ஸ்டிக்கரில் எழுதி அனந்தமே ஒட்டியிருந்தாள். நான் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். வில்லங்கமான ஃபைல் வந்தால் உள்ளே இருப்பதைத் தொடவே மாட்டேன். மேலே இருக்கும் ஸ்லிப்பை மாற்றுவேன். ஃபைல் வேறு மேஜைக்குப் போய்விடும். அதே வேலையை இங்கேயும் செய்தேன். ஸ்டிக்கர்களை உரித்து இடம் மாற்றி ஒட்டினேன்.

அனந்தம் இரும்பு. தும்மல்கூட அவளிடம் அனுமதி கேட்டுத்தான் வரும். அவள் பெயரில் ஏதாவது வந்தாலும் மறுபடி டெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும். பிறகு நிம்மதியாகக் குளித்தேன். வந்து பார்த்தால் பாட்டில்களைப் பையில் போட்டு வாசலில் வைத்திருந்தாள். நல்ல மனைவி. எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மேதா ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆன்ட்டி பர்ஃபெக்ட். அங்கிள், உங்களோடதுல ப்ரோட்டீன் லீக் இருக்கு. இப்போதான் ஆரம்பம். உப்பைக் குறைச்சு, நடந்து, மாத்திரை எடுத்துண்டா அடக்கிடலாம். விட்டா ஹார்ட் வரைக்கும் போகும்."

எனக்கு நாற்காலி ஆடியது. என் பெயரில் இருப்பது அவளுடையது! லீக் ஆவது அனந்தத்தின் கிட்னி!

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கொத்தமல்லிக்கு பேரம் பேசினாள். "பையா, இது நேத்திக்குப் பறிச்சது," என்று ஹிந்தியில் காய்கறிக்காரனை அதட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் இல்லாவிட்டால் என் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அழுகை வந்தது. பயமாக இருந்தது. மாவடுவெல்லாம் மறந்தே போயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜாடியைத் தூக்கினேன்.

"எங்கே எடுத்திண்டு போறேள்?"

"மாடி ஷ்வேதாவுக்குக் குடுக்கப் போறேன்."

"நீங்களா? உடம்பு ஏதாவது பண்றதா?"

"இனிமே இந்த வீட்ல யாருக்கும் ஊறுகாய் கிடையாது. ரெண்டு பேருக்கும் பத்தியம்."

"எனக்கெதுக்கு? நான்தான் பர்ஃபெக்ட்னாளே."

"தம்பதின்னா எல்லாத்துலயும் பாதி," என்றேன்.

சாயங்காலம் அவளை லோதி கார்டனுக்கு நடக்க அழைத்துப்போனேன். வழியெல்லாம், "மூச்சு வாங்கறதா? கால் வீங்கறதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

சிக்கல் மறுநாள் காலையில் வந்தது. ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக எதிரே நின்றாள்.

"போட்டுக்கோங்கோ."

அது அவளுடைய மாத்திரை. அதை நான் விழுங்கினால் அவள் கதி? அவளை விழுங்கச் சொன்னால் என் கதி? ஒரு நிமிஷம் விட்டத்தைப் பார்த்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அனந்தம், இது உனக்கு. ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேன். மாவடுவுக்காகப் பண்ணிட்டேன். மேதா சொன்னது உன் கிட்னிய. பயப்படாதே, ஆரம்பம்தான். நான் இருக்கேன்."

அவள் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் ஒட்டின ஸ்டிக்கர் என்னிக்காவது கோணலா இருந்திருக்கா? நீங்க குளிக்கப் போனப்போ பாத்தேன். திருப்பி மாத்தி ஒட்டிட்டேன்."

"அப்போ லீக்?"

"உங்களுதுதான்."

"நேத்திக்கே சொல்லியிருக்கலாமே!"

"உங்க கிட்னிக்காக ஜாடியத் தூக்கிக் குடுத்திருப்பேளா?"

யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருக்க மாட்டேன். மாத்திரையை வாங்கி விழுங்கினேன். அவள் கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கும்போது மனசு லேசாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு உப்பில்லாத தயிர்சாதம். அவள் தட்டின் ஓரத்தில், காம்போடு, நான் பொறுக்கிய மாவடு ஒன்று.

"இது எப்படி வந்தது?"

"ஷ்வேதா கொஞ்சம் திருப்பிக் குடுத்தா," என்று அதைக் கடித்தாள் அனந்தம். "தம்பதின்னா எல்லாத்துலயும் பாதின்னேளே. மாத்திரை உங்களுது."