கட்டுப் போட வந்த அக்கா மகள்

"காலையிலேருந்து என்னை யாரும் புரட்டிப் படுக்க வைக்கலைங்க. முதுகு எரியுது," என்று மனைவி முனகியதும் ஓய்வுபெற்ற சர்வேயருக்கு மீசை துடித்தது.

பக்கவாதத்தில் படுத்தவள். முதுகில் புண். கட்டுப் போட ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வருவாள். குளிப்பாட்ட, புரட்ட முதியோர் மையத்திலிருந்து உதவியாள் வருவாள். இன்று இருவருமே வந்துபோயிருந்தார்கள்.

மையத்துக்குப் போன் போட்டார்.

"உங்க அக்கா மகள் இருந்தாங்களாம் சார். அவங்க புரட்டிப்பாங்கன்னு எங்க ஆள் கிளம்பிட்டாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போட்டார்.

"உங்க மச்சினி பார்த்துப்பாங்கன்னு நர்ஸ் சொன்னாங்களே!"

சர்வேயருக்குத் தலை சுற்றியது. கட்டினவளைக் கூலியாள் பார்ப்பது தெருவுக்குத் தெரிந்தால் குடும்ப மானம் என்னாவது? அதனால், யூனிஃபாரம் வேண்டாம், யார் கேட்டாலும் அக்கா மகள் என்று சொல் என நர்ஸுக்கு உத்தரவு போட்டிருந்தார். உதவியாளுக்கு மச்சினி வேஷம். இன்று இருவரும் முதன்முறையாக நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்கள். உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார்கள்.

மறுபடி மையத்துக்குப் போட்டார். "உடனே ஆளை அனுப்புங்க!"

"வீட்டுல சொந்தக்காரங்க இருந்தா அனுப்பக் கூடாது சார். நாளையிலேருந்து நிறுத்தியாச்சு."

ஆஸ்பத்திரியும் அதையே சொன்னது.

"எவன் தயவும் வேண்டாம்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே மனைவியைப் புரட்டக் குனிந்தார். இடுப்பில் 'படக்'கென்றது. குனிந்தவர் நிமிரவில்லை.

"இப்ப உங்களை யாரு புரட்டுறது?" என்றாள் மனைவி.

குனிந்தபடியே போனை எடுத்தார்.

"யோவ்! அவ என் அக்கா மகள் இல்லைய்யா! ஆஸ்பத்திரி நர்ஸ்!"

"ஆஸ்பத்திரி விஷயம் எங்களுக்குத் தெரியாது சார். இது முதியோர் மையம்."

"ஒரே உடம்புக்கு ரெண்டு ஆபீஸ் வெச்சிருக்கீங்களே, ஒருத்தனுக்கொருத்தன் பேசிக்க மாட்டீங்களா? என் பொண்டாட்டி முதுகை யாருக்குப் பட்டா போட்டுக் குடுக்கிறது? சொந்தக்காரி எவளும் இல்லைய்யா! எல்லாம் வெளியாள்தான்!"

தெருவே அதிர்ந்தது. நிமிர முடியாதவர் கண்ணுக்கு வாசலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. எதிர்வீட்டம்மா! போயிற்று மானம்.

அவள் உள்ளே வந்து, பழகிய கையால் அவர் மனைவியைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"மெதுவாப் பேசுங்கண்ணா! எங்க மாமனாருக்குக் கட்டுப் போட வர்றதும் அதே பொண்ணுதான். அவளை என் நாத்தனார் மகள்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்!"