டைரக்டர் பேசுகிறார்

"இதுக்குப் பேரு போனஸாலே?" என்று கேட்டபடி மிக்கேலம்மாள் டிவிடிப் பெட்டியை மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

"ஏன்க்கா, ஓடலையா?" என்றான் பெஞ்சமின்.

"ஓடுது. அட்டையில 'சிறப்புக் காட்சிகள் இலவசம்'னு போட்டிருக்கு. உள்ள பாத்தா டைட்டில் பாட்டு ரெண்டு வாட்டி, நாலு போட்டோ, ஒரு ஊதுபத்தி விளம்பரம். சீரியல்ல செண்பகத்தை எதுக்குக் கிணத்துல தள்ளினாங்கன்னு டைரக்டர் ஒரு வார்த்தை சொல்லல. குவைத்துல என் மகன் பாக்குற டிவிடியில எல்லாம் டைரக்டரே உக்காந்து பேசுறாராம்."

தங்கச்சிமடத்தில் பெஞ்சமின் சிடி வாடகைக் கடை வைத்திருந்தான். கல்யாண வீடியோவும் எடுப்பான். மிக்கேலம்மாள் சந்தை சந்தையாகப் போய்க் கருவாடு விற்பவள். அவள் ஒரு கடையை மட்டம் என்று சொல்லிவிட்டால், தெருவே பாம்பனில் புதிதாகத் திறந்த கடைக்குப் பஸ் ஏறிவிடும்.

"கம்பெனிக்காரன் டிவிடியை மாத்தி வச்சிட்டான்க்கா. அசல் போனஸ் அடுத்த வாரம் வருது" என்று அவசரத்தில் உளறிவிட்டான்.

சொன்ன பிறகு வராமல் இருக்க முடியுமா? கேமராவைத் தூக்கிக்கொண்டு முதுகுளத்தூர்ப் பக்கம் போனான். அங்கே முனியசாமி என்ற மிளகாய் விவசாயி. மகள் காதுகுத்துக்கு வீடியோ எடுத்த பழக்கம். ஆள் வாட்டசாட்டம், தங்கச்சிமடத்துப் பக்கம் ஒருத்தருக்கும் தெரியாத முகம். கூலிங் கிளாஸும் தொப்பியும் மாட்டியதும் அசல் டைரக்டராகவே ஆகிவிட்டார். என்ன, 'செண்பகம் இல்லம்' சீரியலை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"செண்பகத்தை ஏன் சார் கிணத்துல தள்ளினீங்க?"

"கிணத்துல தண்ணி இல்ல தம்பி. அந்தத் தைரியத்துலதான் தள்ளினேன்" என்றார் முனியசாமி. அப்படியே மழை பொய்த்ததையும் மிளகாய்ச் செடி கருகியதையும் கண் கலங்கச் சொல்லி முடித்தார்.

டிவிடியைப் பார்த்துவிட்டு மிக்கேலம்மாள் மறுவாரமே வந்தாள்.

"டைரக்டர் தங்கமான மனுசன். ஆனா கிணத்துல தண்ணி இல்லைங்கிறாரே, அப்ப செண்பகம் எப்படி முங்கிச் செத்தா? அவ பிழைச்சு ஏறி வாரதை வெட்டிப்புட்டாங்க போல. அதைக் கொண்டா."

பெஞ்சமின் தன் மனைவி ஸ்டெல்லாவின் காலில் விழாத குறைதான். முகம் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு அவள் ஒத்துக்கொண்டாள். முனியசாமியின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி, பட்டுச் சேலையில் படி ஏறினாள். பாதியில் ஒரு தவளை காலில் தாவியது. "ஏங்க, தவளை!" என்று அலறிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தாள். இன்னொரு தடவை இறங்கச் சொன்னதற்கு அவள் பார்த்த பார்வையில் பெஞ்சமின் கேமராவை மூடிவிட்டான். வீட்டுக்கு வந்து அலறலின் மேல் ஓர் இடிச்சத்தத்தைப் போட்டான்.

"இடி நல்லா இடிச்சுது" என்றாள் மிக்கேலம்மாள். "செண்பகம்தான் நம்ம ஸ்டெல்லா சாடையா இருக்கா."

"டூப்புக்கா. அவசரத்துக்கு ஆள் கிடைக்காம இவளைக் கேட்டாங்க."

அன்றிலிருந்து குழாயடியில் ஸ்டெல்லாவுக்கு முதல் குடம் பிடிக்க வழிவிட்டார்கள். அவளும் தலையை நிமிர்த்தித்தான் நடந்தாள். பெஞ்சமினுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

அடுத்து, சீரியல் ஓடும்போதே டைரக்டர் பின்னாலிருந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்றாள் மிக்கேலம்மாள். சொல்லி அனுப்பியதும் முனியசாமி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

"குரல் மட்டும்தாண்ணே" என்றான் பெஞ்சமின்.

அவர் முகம் வாடிவிட்டது. மைக்கைப் பிடித்து, "இந்தா வாரது யாரு?" என்று கேட்டார்.

"மாமியார் சார். நீங்கதான் எடுத்தீங்க."

"அப்படியா? நல்லா எடுத்திருக்கேன்."

பத்து நிமிஷத்தில் குறட்டை. அதை வெட்ட நேரமில்லை, அப்படியே கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை மிக்கேலம்மாள் கடைவாசலில் நின்று அணுகுண்டைப் போட்டாள். "ஏலே, நாளைக்குப் பூசை முடிஞ்சதும் டைரக்டரை நம்ம வீட்டுக்குக் கூட்டியா. தெருவே சேந்து பொன்னாடை போத்தப் போறோம்."

முனியசாமிக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. விடிய விடியப் புரண்டான். கோயிலில் முழங்காலிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான். போனால் கடைதானே போகும்?

மிக்கேலம்மாள் வீட்டு முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். டிவியை வெளியே தூக்கி வைத்திருந்தார்கள். "நல்லா எடுத்திருக்கேன்" என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்ததும் பந்தலே குலுங்கியது. குறட்டை வந்தபோது ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தார். பெஞ்சமின் பயத்தை மறந்து நின்றான். அவன் எடுத்த எந்தக் கல்யாண வீடியோவையும், மாப்பிள்ளைகூட, இப்படி ரசித்துப் பார்த்ததில்லை.

காபித் தட்டோடு எதிரே வந்தாள் மிக்கேலம்மாளின் மருமகள் செலின். "செலினு, மன்னிச்சிரும்மா" என்று அவளிடமே கொட்டிவிட்டான். "அவரு டைரக்டர் இல்ல. உங்க மாமியை நான் ஏமாத்திட்டேன்."

செலின் பந்தலின் முன்வரிசையைக் கைகாட்டினாள். தோளில் பொன்னாடை, கண்ணில் கூலிங் கிளாஸ், வாய் நிறைய அதிரசத்தோடு மிக்கேலம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் முனியசாமி.

"இவரு... இவரு எப்படி இங்கன?"

"முதுகுளத்தூர்ச் சந்தையில எங்க மாமிக்குப் பக்கத்து இடத்துலதானண்ணே இவரு மொளகா விக்கிறாரு! உங்ககிட்ட அடுத்து என்ன கேக்கணும்னு வாரா வாரம் மாமிக்குச் சொல்லிக்குடுக்கிறதே இவருதான்."